ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கூர்

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சமையலறைக்குப் போய், தினமும் புழங்குகிற கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்று. கத்தியைத் தக்காளித் தோலின் மேல் வைத்து, அழுத்தாமல், சும்மா இழுங்கள். தோல் பிளந்துகொண்டால் இந்த வாரம் இந்தப் பக்கத்தை நீங்கள் தாண்டிப் போகலாம். தக்காளி நசுங்கி, சாறு பீய்ச்சி, கத்தி வழுக்கிக்கொண்டு உங்கள் இடது கை விரலை நோக்கி வந்தால்... உட்காருங்கள், பேசுவோம்.

நம் வீடுகளில் மிக்ஸிக்கு சர்வீஸ் உண்டு. கேஸ் அடுப்புக்கு உண்டு. ஏ.சி.க்கு வருஷ ஒப்பந்தமே உண்டு. கத்திக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. வாங்கிய அன்றைக்கு இருந்த கூர்தான் அதன் ஆயுசு முழுக்க. அது போனபிறகு, கத்தி செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. பெரும்பாலும் அது யார் கை என்பது உங்களுக்கே தெரியும். 'மொக்கைக் கத்திதான்ப்பா சேஃப்டி, கையை வெட்டாது' என்று சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் காய் நறுக்காதவர்கள்!

கூரான கத்தி, வைத்த இடத்தில் இறங்கும். மழுங்கின கத்திக்கு அழுத்தம் வேண்டும். அழுத்துகிறபோது வெங்காயம் உருளும், கத்தி வழுக்கும், அத்தனை பலமும் அடுத்து எதிர்ப்படுகிற பொருளின் மேல் போய் விழும். அந்தப் பொருள் விரல். இன்னொரு விஷயம். வெங்காயம் நறுக்கினால் கண் எரிவதற்கும் கத்திக்கும் சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வெங்காயம் வெட்டுப்படுவதை அதிவேக கேமராவில் படம்பிடித்துப் பார்த்தார்கள். 2025-ல் அந்த ஆய்வு வெளியானது. மழுங்கின கத்தி வெங்காயத் தோலை முதலில் அமுக்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தோல் கிழிகிற கணத்தில் சாறு துளித்துளியாகத் தெறிக்கிறது. கூர்க் கத்தியில் தெறிக்கும் துளிகளும் குறைவு, அவற்றின் வேகமும் குறைவு. நம் பாட்டிகள் கேமரா இல்லாமலே இதைச் சொல்லியிருப்பார்கள், யாராவது கேட்டிருந்தால்.

இத்தனையும் எதற்கு என்றால், அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் என் சின்னம்மா மகள் ஒரு மெஸ் நடத்துகிறாள். ராம்கோ சிமென்ட் ஆலை இருக்கிற ஊர். லாரி டிரைவர்கள், கிளீனர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் என்று மதியத்துக்கு மட்டும் அறுபது இலை. அறுபது இலைக்கு சாம்பார், பொரியல், கூட்டு, ரசம் என்றால் காய் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன சீமை. சாம்பாரில் பெரிய வெங்காயம் போட்டால் அங்கே டிரைவர்கள் இலையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். சின்ன வெங்காயம் என்றால் ஒவ்வொன்றாக, விரல் நுனியில் பிடித்து, நூற்றுக்கணக்கில்.

போன மாசம் அவளுக்கு இடது ஆள்காட்டி விரலில் இரண்டு தையல். ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய். இரண்டு நாள் மெஸ் மூடல். மூன்றாம் நாள் எனக்கு போன்.

"அண்ணே, ஆயிரம் ரூவாக்குள்ள கத்தி தீட்டறதுக்கு ஒரு நல்ல சிஸ்டமா சொல்லுண்ணே. போன்ல ஒரு வீடியோ பாத்தேன். கத்திய கவ்விப் புடிச்சிக்கிட்டு, ஒரு கம்பில கல்லு மாட்டி இப்படி இப்படி இழுக்கறான். அது வாங்கலாமா?"

சிஸ்டம்! அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் கத்தி தீட்டுவது உண்மையிலேயே ஒரு சிஸ்டம்தான். அதில் மூன்றே உறுப்பு. எஃகைவிடக் கடினமான ஒரு பொருள். அதன்மேல் கத்தியை ஒரே சாய்வில் பிடிக்க ஒரு வழி. கடைசியில் பிசிறு எடுக்க ஏதாவது ஒன்று. ஐந்நூறு ரூபாய் சாமானிலும் இந்த மூன்றுதான், பதினைந்தாயிரம் ரூபாய் சாமானிலும் இதே மூன்றுதான். எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் கடினம். ஆலத்தியூரில் நின்றுகொண்டு கல்லுக்குப் பஞ்சம் என்று சொன்னால் சிரிப்பார்கள். காலுக்கடியில் எல்லாமே கல். கிரெட்டேஷியஸ் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லானதால்தான் சிமென்ட் ஆலைகள் வரிசை கட்டி வந்தன. ஆனால் அந்தக் கல் கத்திக்கு உதவாது. ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மன்காரர் 1812-ல் கனிமங்களுக்கு ஒரு தர வரிசை போட்டார். எது எதைக் கீறும் என்பதுதான் கணக்கு. சுண்ணாம்புக் கல்லின் பெரும்பகுதியான கால்சைட் அதில் 3. சமையல் கத்தியின் எஃகு ஐந்தரை, ஆறு. மூன்றில் கொண்டுபோய் ஆறை உரசினால் தேய்வது கல்தான். கத்தி ஜம்மென்று இருக்கும், முன்பு இருந்த மொக்கையாகவே!

குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சாங்கல், 7. அது எஃகைக் கீறும். பனையேறிகள் இதை எந்த மோஸும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். வெங்கச்சாங்கல்லைப் பொடித்து, மரக்கட்டையின் மேல் தூவி, அதில்தான் பாளை சீவும் அரிவாளைத் தீட்டினார்கள். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான்' என்று நன்றி கெட்டவனைத் திட்டுகிறோமே, அந்த மரம் இதுதான். கல்லில் தீட்டுகிற கத்திக்கு மரம் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூட நாளில் எனக்குக் குழப்பமாக இருக்கும். பழமொழிக்குள் ஒரு தொழில்நுட்பமே ஒளிந்துகொண்டிருக்கிறது. (பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன ஒரு மரம் கிடக்கிறது, சுமார் 18 மீட்டர் நீளம். மரம் முழுக்க சிலிக்காவாகிவிட்டதால் கடினத்தில் அதுவும் ஏறக்குறைய 7. ஆனால் அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிற தேசியச் சின்னம். தயவுசெய்து யாரும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.)

ஏழுக்கும் மேலே 9-ல் இருப்பது குருந்தம். ஆங்கிலத்தில் கொரண்டம். அந்த ஆங்கிலச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான் என்று அகராதிகள் சொல்கின்றன. குருந்தப் பொடியை அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்தெடுத்த சாணைகள் நம் நாட்டில் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தன. 1891-ல் எட்வர்ட் ஆச்சிசன் என்ற அமெரிக்கர் செயற்கையாக வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கரியையும் சேர்த்து மின்சாரத்தில் சூடாக்கினார். வைரம் வரவில்லை. பளபளவென்று வேறொன்று வந்தது. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து அதற்கு கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். பிறகு பார்த்தால் அது சிலிக்கன் கார்பைட், குருந்தத்தைவிடக் கடினம். பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1954-ல் முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது. இன்றைக்கு ஹார்டுவேர் கடையில் 'சாணைக்கல் குடுங்க' என்றால் அட்டைப்பெட்டியில் எடுத்து நீட்டுகிற, ஒரு பக்கம் கொரகொரப்பும் மறுபக்கம் நைஸுமாக இருக்கிற அந்தச் சாம்பல் நிறக் கல் இந்த வம்சம்தான். இருநூறு, முந்நூறு ரூபாய். அதாவது சிஸ்டத்தின் முதல் உறுப்பு, கடினம், இந்த உலகத்தில் ரொம்ப மலிவு.

விலை ஏறுவதெல்லாம் இரண்டாவது உறுப்பில். சாய்வு. சமையல் கத்திக்குப் பக்கத்துக்குப் பதினைந்திலிருந்து இருபது டிகிரி. எந்த டிகிரி என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. எடுத்துக்கொண்ட டிகிரியைக் கடைசி இழுப்பு வரை மாற்றாமல் இருப்பதுதான் வித்தை. கை ஆடினால் கூர் உருண்டு போகும். தங்கச்சி வீடியோவில் பார்த்த கருவி இந்த ஆட்டத்தைத்தான் நிறுத்துகிறது. கத்தியைக் கிடுக்கி பிடித்துக்கொள்கிறது. கல் ஒரு கம்பியில் கட்டுப்பட்டு, வைத்த கோணத்திலேயே போய் வருகிறது. அருமையான யோசனை. பெயர்பெற்ற கம்பெனிகளின் கருவிகள் பல ஆயிரம். அவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து ஆரம்பம். நகல்களில் கிடுக்கி ஆடும், கூடவே வருகிற கற்கள் சீக்கிரம் தேயும்.

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். "உன் மெஸ்ல என்னென்ன வெட்டற சாமான் இருக்கு?"

"கத்தி நாலு. அருவாமணை ரெண்டு. தேங்கா ஒடைக்கற கொடுவா ஒண்ணு."

"அருவாமணையை அந்தக் கிடுக்கில எப்படிம்மா மாட்டுவே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இதுதான் நம் ஊர்ச் சிக்கல். அந்தக் கருவிகள் எல்லாம் தட்டையான, சுமாரான நீளமுள்ள மேல்நாட்டுக் கத்திக்காகச் செய்தவை. பிறைபோல் வளைந்து, பலகையில் அறைந்து நிற்கிற அரிவாள்மனையை அவர்கள் கண்டதில்லை. உங்கள் வீட்டில் இரண்டு நல்ல கத்தி மட்டும்தான், கையில் பொறுமை இல்லை, பணம் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். மெஸ்ஸுக்குச் சரிவராது. காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறவளுக்கு ஒவ்வொரு கத்தியாகத் திருகி மாட்டிக் கழற்ற நேரமும் கிடையாது.

அடுத்து, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற இழுப்பான். வி வடிவப் பள்ளத்தில் கத்தியை வைத்து நாலு இழுப்பு இழுத்தால் கூர் வரும். வரத்தான் செய்கிறது, பொய்யில்லை. அதற்குள் இருப்பது டங்ஸ்டன் கார்பைட் துண்டுகள். அவை கத்தியைத் தீட்டுவதில்லை, சீவுகின்றன. இழுத்து முடித்ததும் அடியில் பாருங்கள், எஃகுத் தூள் சுருள் சுருளாகக் கிடக்கும். இங்கேதான் எனக்குள் இருக்கிற பி.காம். விழித்துக்கொள்கிறது. தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்தச் சொத்தும் வருஷா வருஷம் மதிப்புக் குறையும், அந்தக் குறைவையும் செலவாகக் காட்ட வேண்டும் என்பது பாடம். நாங்கள் அதை மிஷினுக்கும் மேஜை நாற்காலிக்கும் போட்டோம். கத்தியில் தேய்மானம் என்ற சொல் நிஜமாகவே தேய்மானம்! இருநூறு ரூபாய் இழுப்பான், நானூறு ரூபாய்க் கத்தியைச் சீக்கிரத்தில் சாப்பிட்டுவிட்டால் சாமானின் விலை இருநூறு அல்ல. அப்படியும் சொல்கிறேன்: தீட்டக் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், மொக்கைக் கத்தியோடு இருப்பதைவிட இழுப்பான் மேல். மெத்தென்ற ஸ்டெயின்லெஸ் கத்திகளுக்கு, ஓரிரு இழுப்போடு நிறுத்திக்கொண்டால் பாதகமில்லை.

நீளமான ஸ்டீல் கம்பியில் ஹோட்டல் சமையல்காரர்கள் சர் சர்ரென்று உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கூரை உண்டாக்குவதற்கல்ல, வளைந்த கூரை நிமிர்த்துவதற்கு. முதல் செலவாக அது வேண்டாம். ஜப்பானியத் தண்ணீர்க் கற்கள் பார்க்க அழகு, விலையைக் கேட்டால் நம் கத்திக்கே கூச்சம் வந்துவிடும். கடினமான ஜப்பானியக் கத்திக்குத்தான் அவற்றின் நைஸ் எல்லாம். வைரத்தூள் பூசிய தகடு ஒன்று உண்டு. வைரம் மோஸ் கணக்கில் 10, உச்சம். வேகமாகத் தேய்க்கும், கல்லைப்போலக் குழி விழாது. இரண்டு பக்கமும் பூச்சுள்ள சுமாரான தகடு ஆயிரத்துக்குள் அகப்படும். அழுத்தித் தேய்த்தால் மலிவுத் தகடுகளில் வைரம் உதிர்ந்துவிடும் என்பது ஒன்றுதான் கவலை.

சாணைக்காரரை மறந்துவிடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைப் போட்டு, பெடலை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, பொறி பறக்கப் பறக்கத் தீட்டுகிற மனிதர். தையல் கத்தரிக்கோலை அவரைத் தவிர வேறு யாரிடமும் நான் கொடுக்க மாட்டேன். ஆனால் சுழல்கிற சக்கரத்தில் சூடு ஏறும். மெலிந்த கத்தியில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று, அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தேர்ந்த கை அடிக்கடி தண்ணீர் தொடும். தேராத கையும் சைக்கிளில் வரும். ஆலத்தியூரில் கத்திக்கு முப்பது ரூபாய் வாங்குகிறாராம். நாலு கத்திக்கு மாசம் இரண்டு முறை என்றால் 240 ரூபாய். வருஷத்துக்கு 2,880. கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அவர் மூன்று மாசத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். கத்தியோ பத்து நாளில் மழுங்குகிறது. நடுவிலே எண்பது நாள் விரலைப் பணயம் வைத்துத்தான் அறுபது இலை!

ஆக, நான் அவளுக்குச் சொன்ன பட்டியல் இது. இரண்டு பக்கமுள்ள எட்டு அங்குலச் சாணைக்கல் ஒன்று. கல் நகராமல் இருக்க அடியில் போட ஒரு ஈரத் துணி. ஒரு ஸ்கெட்ச் பேனா. வீட்டில் கிடக்கிற பழைய தோல் பெல்ட். மொத்தம் முந்நூற்றைம்பது தாண்டாது. மிச்சம் அறுநூற்றைம்பதுக்கு நல்ல கத்தி ஒன்று வாங்கிக்கொள், சின்ன வெங்காயத்துக்கென்றே கையடக்கமாக.

"ஆங்கிளு?" என்றாள். ஆள் கெட்டி.

கோணத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி, உங்களுக்கும் ஆகும். கத்தியின் அகலத்தை ஸ்கேலில் அளங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து தூக்குங்கள். பத்தொன்பது டிகிரி சொச்சம் வந்துவிடும். நாலு சென்டிமீட்டர் அகலக் கத்தி என்றால் ஒன்றேகால் சென்டிமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட உங்கள் சுண்டுவிரல் பருமன். கூர் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் மை அழிந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்து ஓரத்தில் மை நின்றால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் அழிந்து மேலே நின்றால் தாழ்த்த வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கிற கருவி சொல்வதை ஐந்து ரூபாய் ஸ்கெட்ச் பேனா சொல்லிவிடுகிறது. அதைக் கேட்கக் கைக்குத்தான் ஒரு வாரம் பிடிக்கும்.

கல்லில் தண்ணீர் விட்டு, கொரகொரப்புப் பக்கம் ஆரம்பியுங்கள். ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே வந்தால், எதிர்ப்பக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி, கூருக்குக் குறுக்கே, விரலை மெதுவாக வெளிப்புறம் நகர்த்தினால் தட்டுப்படும். ஓரத்தோடு நீளவாக்கில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள், மறுபடி தையல்தான்! அந்தப் பிசிறு அடியிலிருந்து நுனி வரை வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பெரும்பாலானோர் இதற்கு முன்னாலேயே கை வலித்து நிறுத்திவிடுகிறார்கள். 'கல்லு சரியில்ல' என்ற புகார் பிறப்பது இந்த இடத்தில்தான். அப்புறம் மறுபக்கம். பிறகு நைஸ் பக்கத்தில் லேசாக, சும்மா கத்தியின் கனத்திலேயே, மாற்றி மாற்றி. கடைசியில் பெல்ட்டில், கூர் பின்னால் வரும்படி பத்து இழுப்பு. பெல்ட் இல்லாவிட்டால் மடித்த செய்தித்தாள் போதும், இந்தப் பத்திரிகையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போன இடத்தில் கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுமினுப்பு பூசாத ஒரு வளையம் இருக்கும். நாலு இழுப்புக்கு அதுவே சாணை.

அரிவாள்மனைக்கு எல்லாம் தலைகீழ். காய்தான் அரிவாளிடம் வருகிறது, கல்லும் அப்படித்தான் வர வேண்டும். கிழங்கு நறுக்குகிற மாதிரி மனையில் உட்காராதீர்கள். மனையைத் திருப்பி, பலகையைச் சுவரோடு அணைத்து, கூர் உங்களைப் பார்க்காதபடி வைத்துக்கொள்ளுங்கள். கல்லைக் கையில் எடுத்து, விரல்கள் கல்லின் விளிம்புக்குப் பின்னால் இருக்க, வளைவின் போக்கிலேயே கீழிருந்து மேலே. கல்லை முதுகுப் பக்கமிருந்து கூரை நோக்கி நகர்த்துங்கள், எதிர்த்திசையில் வேண்டாம். பழைய இரும்பு அரிவாள்மனை என்றால் ஸ்டெயின்லெஸ்ஸைவிடச் சீக்கிரம் கூர் ஏறும், தீட்டியதும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துருவும் ஏறும்.

ஒரு வருஷம் போனால் கல்லின் நடுவில் குழி விழும். கூரை சிமென்ட் தளத்தில் ஆற்று மணலைத் தூவி, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துப் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தால் சமமாகிவிடும். நல்ல நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், அரைமணி நேரம் ஆகும். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கையில் ஆளுக்கு ஒரு கத்தி இருக்கும். ஆலத்தியூரில் இப்போதே பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு கத்தி மெஸ்ஸுக்கு வந்துவிட்டதாம். முப்பது ரூபாய் வாங்கலாமா, இல்லை டீயாகக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள்.